எறும்பு வந்த டப்பா

முருகன் துணை

வேலம்பாளையம்
24-11-1973, சனிக்கிழமை

அன்பு மகன் சிரஞ்சீவி தண்டாயுதபாணிக்கு அப்பா சாமியப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மருமகள் கமலாம்பாளும் குழந்தையும் பம்பாயில் சுகமாயிருக்கச் சிவன்மலை ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம் என்று இத்தனை வருஷமும் முதல் வரியை எழுதி முடித்த பிறகுதான் மற்றதை யோசிப்பேன், அந்த வரியைப் பேனா தானாகவே எழுதிவிடும். இன்று அதை எழுத விடவில்லை. நீ பதறாதே, உன் அம்மா உயிரோடு இருக்கிறாள், இப்போதும் உள்ளே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு என்னைத்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் மூன்று மாதமாக நான் உனக்கு எழுதியதில் பாதிக்கு மேல் பொய். சாக்கடை எடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு எழுதுவதாகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். அவளுக்கு எழுத்துத் தெரியாதது இன்று எனக்கு வசதியாகப் போயிற்று.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல அவளுக்கு உரக்கப் படித்தேன். பொங்கலுக்கு வருகிறோம் என்ற இடத்தில் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். ஆபீசில் எல்லோருக்கும் டாக்டர் பரிசோதனை நடந்தது, எனக்கும் கொஞ்சம் சர்க்கரை இருக்கிறதாம், கவலை வேண்டாம், அம்மாவுக்கு அனுப்புகிற பவுடரையே நானும் இரண்டு வேளை குடிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். ஏனுங்க, நடுவுல நின்னுட்டீங்க, பையன் என்ன எழுதியிருக்கறான் என்று கேட்டாள். கண்ணாடி அழுக்கு என்று சொல்லி வேட்டியில் துடைத்தேன், துடைத்து முடிப்பதற்குள் பம்பாயில் வெங்காயம் விலை ஏறிவிட்டது என்று ஒரு வரியை நானே கட்டிப் படித்துவிட்டேன். அவளும் அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டாள். கண்ணு, இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அந்தப் பவுடரைக் கொட்டிவிடு. அதில் சர்க்கரை இருக்கிறது. உன் அம்மாவுக்கு இப்போது வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

இதை உனக்குச் சொல்லமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன் நான். பையன் ஆசையாய் வாங்கி அனுப்பியது, தெரிந்தால் அவன் சோறு தின்னமாட்டான் என்றுதான் அவள் அழுதாள், காலுக்காக அல்ல. ஆனால் நீயும் அதையே குடிக்கிறாய் என்று படித்த பிறகு சத்தியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, பாவம் வந்தால் என் கணக்கில் வரட்டும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். சித்திரையில் முதல் டப்பா வந்தது. நாமே கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் பணம் கட்டுகிற பெரிய கடையில் வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். டப்பாவில் ஒரு கிழவனும் கிழவியும் பல் தெரியச் சிரிக்கிறார்கள், கீழே சிவப்பில் நோ ஷுகர் என்று கொட்டை எழுத்து. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் அல்லவா நான், அந்த இரண்டு வார்த்தையையும் எழுத்துக் கூட்டி வாசித்து அவளுக்கு அர்த்தம் சொன்னபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. இரண்டரை வருஷமாகச் சப்பென்ற காப்பியைக் கஷாயம்போலக் குடித்தவள், முதல் டம்ளரை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். ஏனுங்க, சக்கரையே போடாம இந்த இனிப்பு இனிக்குதே, கலி முத்திப் போச்சுங்க என்றாள். இரண்டு டம்ளர் மூன்றாயிற்று. உடம்புக்கு நல்லது என்று போட்டிருக்கிறதே, அப்புறம் மாதாமாதம் பரிசோதனைக்கு எதற்குப் போவது என்று அவள் சொன்னதற்கு நானும் தலையை ஆட்டினேன்.

நாலாம் நாளே எறும்பு வந்துவிட்டது கண்ணு. அலமாரிச் சுவரில் வரிசையாக ஏறி டப்பாவின் மூடியைச் சுற்றி மொய்த்தன. அவளுக்கு வியாதி இருப்பதே எறும்பு சொல்லித்தானே நமக்குத் தெரிந்தது. பொடக்காணியில் அவள் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு கூடுகிறது என்று நான் சொன்னதைக் கேட்டு, டிஸ்பென்சரி கம்பவுண்டர் மணியன்தான் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னான். அப்படி ஒரு தடவை உண்மை சொன்ன எறும்பை இந்தத் தடவை நான் நம்பவில்லை. வட்டலில் தண்ணீர் ஊற்றி நடுவே டப்பாவை வைத்தேன். கரையில் நின்று எறும்புகள் திரும்பிப் போனதைப் பார்த்து, பாவம் அதுகளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நான் சொல்ல அவள் புரை ஏறும் வரை சிரித்தாள். அந்தக் கேலியைப் பனியன் கம்பெனியில் வேறு போய்ச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். ஆடி முடிகிற வரை தினமும் காலையில் வட்டல் தண்ணீரை மாற்றியது நான்தான்.

ஆவணியில் குடம் இடித்துக் கால் கட்டைவிரலில் சின்னக் காயம். உனக்குச் சிறு புண், ஆறி வருகிறது என்று எழுதினேன், அது ஆறவில்லை, விரல் கறுத்து மேலே ஏறிற்று. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளே போயிருப்பாள் என்றார்கள். புரட்டாசி ஏழாம் தேதி எடுத்தார்கள். அங்கே டாக்டர், சர்க்கரை இவ்வளவு ஏறும்படி என்னத்தைச் சாப்பிட்டார்கள் என்று கேட்டதற்கு, பம்பாயிலிருந்து மகன் அனுப்புகிற பவுடர் மட்டும்தான் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, அப்படியானால் அதில்தான் சர்க்கரை இருக்கும் என்றார், கட்டிலில் கிடந்தவள் காதிலும் அது விழுந்தது. ஊர் திரும்பியதும் டப்பாவைத் துண்டில் மூடி மணியனிடம் எடுத்துப் போனேன். ஒரு சிட்டிகையை நீல மருந்தில் போட்டுக் குழாயைத் தீயில் காட்டினான், பச்சையாகி மஞ்சளாகிக் கடைசியில் செங்கல் நிறமாக நின்றது, சர்க்கரை நிறைய இருந்தால்தான் அந்த நிறம் வருமாம். ஒரு டப்பாவில் தப்பு நடந்திருக்கும் என்று பிரிக்காத டப்பாவையும் உடைத்துப் பார்த்தோம், அதுவும் செங்கல்தான். டப்பாவுல ஆயிரம் எழுதுவானுங்கண்ணா, அவன் ஊட்டுக் காலா போச்சு என்று சொல்லிவிட்டு மணியன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். டப்பாவில் இருந்த விலாசத்துக்குக் கேட்டு எழுதினேன். அதே கிழவனும் கிழவியும் சிரிக்கிற ஒரு கலர் நோட்டீசு தபாலில் வந்தது, வேறு பதில் இல்லை.

யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும்போல இருக்கிறது. திட்ட ஆரம்பித்தால் என் கையே என் முன்னால் வருகிறது. பனியனுக்கு லேபிள் தைக்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருக்கிறேனே. எண்பத்தைந்தாம் அளவு லேபிள் தீர்ந்த நாளில் தொண்ணூறை எடுத்துத் தைக்கச் சொல்லி முதலாளி கிட்டுசாமி சொல்வார். அளவு தப்புங்களே என்றால், போட்டுக்கிறவன் அளவுகோலை இடுப்புல கட்டீட்டா சுத்தறான், தையுங்க சாமியப்பா என்பார். நான் சிரித்துக்கொண்டே தைத்திருக்கிறேன். பவுடர் கம்பெனியிலும் என்னைப்போல ஒருவன் டப்பாக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து ஒட்டியிருப்பான், அவனுக்கும் யாரோ இப்படி ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். போன வாரம் மறுபடி எண்பத்தைந்து தீர்ந்தது. நான் முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசைதான். ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம். தைத்தேன். சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதியிருப்பதைப் படித்து நம்பித்தான் நீ வாங்கினாய், படி படி என்று உன்னை அடித்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். எறும்பைப் பார்த்தவனும் நான். இதை நினைத்து நீ சோறு தின்னாமல் இருந்தால் அவள் பயந்தது நடந்ததாக ஆகும். மாதம் தவறாமல் பரிசோதனைக்குப் போ. வியாதிக்காரருக்கென்று எழுதி விற்கிற எதையும் தொடாதே, கம்பு, ராகி, பச்சைப்பயறு, காய் என்று கண்ணால் பார்த்து வாங்கக்கூடியதைத் தின்னு. வாயில் இனித்தால் துப்பிவிடு, மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி. செருப்பில்லாமல் நடக்காதே. உன் ஆபீசில் வேறு யாருக்காவது அந்த டப்பாவைச் சொல்லியிருந்தால் வெட்கப்படாமல் போய்ச் சொல்லிவிடு.

இனி பொங்கல் விஷயம். நூல் மூட்டை வண்டி காலில் ஏறிவிட்டது என்று உன்னிடம் சொல்ல அவள் தயார் செய்து வைத்திருக்கிறாள். நான் அதற்குச் சாட்சி. யாருடைய வண்டி, மாடு என்ன நிறம் என்று நீ கேட்பாயென்று அதையும் யோசித்து வைத்திருக்கிறாள், கடலைக்காட்டு நல்லான் வண்டி, ஒரு மாடு வெள்ளை, ஒன்று மயிலை. நீ கேள். மாட்டின் நிறத்தையும் கேள். அவள் சொல்லி முடிக்கிற வரை நம்புகிற முகத்தோடு உட்கார்ந்திரு. உனக்குச் சர்க்கரை இருப்பதை அவளிடம் மூச்சு விடாதே, அவளால் இரண்டையும் தாங்க முடியாது. கமலாம்பாளிடமும் சொல்லி வை. படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

நீயும் மருமகளும் குழந்தையும் கால் கையோடு, கண் பார்வையோடு நூறு வயது இருக்க வேண்டும், அதற்கு மேல் ஆண்டவனிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்குக் கச்சாயம் சுட வேண்டுமென்று இப்போதே வெல்லம் வாங்கச் சொல்லிவிட்டாள், அடுப்புப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து அவளே சுடுவாளாம், மருமகளைத் தொட விடமாட்டாளாம். வேண்டாம் என்று சொல்லிவிடாதே. அவள் பார்க்க ஒரு வாய் கடி. மீதியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வா, நான் வேப்பமரத்தடியில் நிற்கிறேன், என்னிடம் கொடு, எத்தனை ஆனாலும் நான் தின்றுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வே. சாமியப்பன்