கொடும்பாவி சாவுக்குக் கூடிய கிராம சபை

அன்பு மகன் முத்தமிழ்செல்வனுக்கு அம்மா உண்ணாமலை எழுதுவது. நாங்களும் ஆடுகளும் சுகம், துபாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாமென்றால் உங்கப்பா பிடுங்கிக்கொண்டு கதையை மாற்றுகிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

மழை பொய்த்ததிலிருந்து நம் காட்டுத்தெருவில் பாதி வீடு பூட்டிக்கிடக்கிறது, எல்லோரும் திருப்பூர் போய்விட்டார்கள், லாரித் தண்ணீரும் நினைத்தால்தான் வருகிறது. குடிதண்ணீருக்குப் போர் போட கிராம சபைத் தீர்மானம் வேண்டுமாம், அதற்கு ஆள் போதவில்லை என்று இரண்டு தடவை தள்ளிவைத்தார்கள். இந்தத் தடவையும் ஆள் சேரலைன்னா போர் மெயின் ரோட்டு ஊருக்குத்தான், நீங்களும் அங்கேயே குடி வந்துடுங்க என்று ஒன்றிய ஆபீஸ் அழகேசன் சார் சொல்லிவிட்டார். உங்கப்பா திருப்பூருக்குப் போன் போட்டால், கூட்டத்துக்கெல்லாம் லீவு தர மாட்டாங்க சித்தப்பா என்று வைத்துவிட்டார்கள்.

மறுபடி கிராம சபை வைத்த அதே நாளில் மழைக்காகக் கொடும்பாவி இழுப்பதென்று ஊரில் முடிவானது. வைக்கோல் பொம்மையைத் துணி போர்த்திப் பாடையில் வைத்து ஒப்பாரி பாடி எரிக்கிற சடங்கு, வராதவன் கொல்லையில் மழை இறங்காது என்பார்கள். அவ்வளவுதான், திருப்பூரிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். உங்கப்பா மீசையை எடுத்துவிட்டு மூத்த மகனாகக் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார், நான் போனால்கூட அந்த அழுகை அழமாட்டார். ஜீப்பில் வந்த அழகேசன் சார் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்து, யாருங்க தவறிட்டாங்க என்றார். இந்த மனுஷன் கொஞ்சமும் கூசாமல், தண்ணி தண்ணின்னே போயிடுச்சுங்க சார், இந்தக் கிராம சபையைப் பாக்கணும்கிறதுதான் கடைசி ஆசை என்று தேம்பினார். சார் கண்கலங்கிப் பாடையை வேப்பமரத்தடியில் இறக்கச் சொல்லி அங்கேயே சபையைக் கூட்டவைத்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், தீர்மானம் நிறைவேறியது.

கொள்ளி வைத்ததும் வைக்கோல் குபுக்கென்று பற்றி, தலையாக வைத்த மண்சட்டி உருண்டு சார் காலடியில் போய் நின்றது. போர் போச்சு என்றே நினைத்தேன். சார் சட்டியைப் பார்த்தார், உங்கப்பாவின் மழித்த முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டவங்களாவது உசுரோட இருக்கவங்கதானே என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். நேற்று போர் வண்டி வந்துவிட்டது. மழைதான் இன்னும் வரவில்லை.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இரு தம்பி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஒரு வைக்கோல் பொம்மைக்கு இத்தனை பேர் லீவு போட்டு வந்தார்கள். எனக்கு நீ அப்படி வர வேண்டாம், நான் உட்கார்ந்து பேசுகிறபோதே வந்து என் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ந. உண்ணாமலை