தூங்கி எழுந்த இளவரசி கேட்டது

கோயமுத்தூர், 9.3.1958

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரிகையில் வரும் என் தொடர்கதையை நானே மூன்று தரம் படித்து நானே அழுதவன், வெட்கத்தோடு எழுதுகிறேன். தாராபுரத்து மாப்பிள்ளையை நம்ம ரங்கநாயகி துரத்தியதற்கு நான்தானுங்க காரணம்.

என் கதையில், நூறு வருஷம் தூங்கி எழுந்த இளவரசி, அரசவையில் மாலையோடு நிற்கும் இளவரசனிடம், “ஏனுங்க, என்னைக் கேட்டீங்களா?” என்கிறாள். தாய்மாமன் என்ற முறையில் நான் வெற்றிலைத் தட்டை வாங்கியபோது, உங்கள் மகளும் கூடத்துக்கு வந்து அதையே கேட்டுப்போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைத் தொடாமலே பஸ் ஏறினார்கள். நான்தான் தின்றேன்.

அதற்காக அவளைக் காலேஜிலிருந்து நிறுத்தாதீங்க. கதை எழுதின என்னைத் திட்டுங்க.

அந்தக் காட்சியை நான் எழுதியது போன மாசம், அவள் என்னிடம் வந்து, “இந்தக் கல்யாணம் வேண்டாம், அம்மாகிட்டச் சொல்லுங்க மாமா” என்று அழுதுவிட்டுப் போன மறுநாள்.

உங்கள் தம்பி