கருடமுகத்தைக் கழற்றி ஒப்படைக்குமாறு கோட்டைக் காவலருக்கு ஆணை

மழையும் விளைவும் பெருகுக. வெண்கோட்டு நாட்டை ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், அந்தக் குடையையே இருமுறை பறிகொடுத்து மீளப் பெற்றவருமான மன்னர் இளஞ்சேயோன் திருவாணைப்படி, முதலமைச்சன் ஓதனூர்க் கொற்றங்கிழான் எழுதுவது. பொன்னிறகு பூண்டவரும், வாயில் இருக்கக் கூரை வழியே வருபவருமாகிய கருடமுகக் காவலர் நலமுடன் வாழ்க. உம் பாதம் பட்டு நொறுங்கியவை போக எஞ்சிய அரண்மனை ஓடுகளும் நலமுடன் வாழ்க.

உடும்புமுகம் அணிந்து மதிலேறும் கள்ளி, பட்டத்து யானையின் முகபடாம் முதல் மன்னரின் வெண்குடை வரை கவர்ந்த ஒவ்வொரு முறையும் நீர் துரத்தினீர். ஒவ்வொரு முறையும் அவள் தப்பினாள். வழக்கப்படி நீர் எழுத வேண்டிய அடையாள ஓலைகளும் வந்தன. அவள் உயரம் என்ன, எத்திசையில் ஓடினாள் என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை. முகமூடித் துளைகளில் தெரிந்த கண்களைப் பற்றி மட்டும் ஏழு ஏடுகள் இருந்தன. அவற்றை அவையில் உரக்கப் படிக்க நேர்ந்த முதியவர் வெட்கம் தாளாமல் விடுப்புக் கேட்டுப் போனார்.

சென்ற திங்களில் யானைப்பாகர்கள் அவளை வலைவீசிப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். மறுநாள் பார்த்தால் பூட்டு உடையாமல் கதவு திறந்து கிடந்தது. சிறைக்காவலர் பூதங்கண்ணன் மேல் பழி விழுந்தது. மனைவி மக்களோடு நாடு கடத்தத் தீர்ப்பாயிற்று. மற்றொரு திறவுகோல் உம் இடையில் தொங்குவது உம்மைத் தவிர எவர் நினைவிலும் இல்லை. அம்மனிதர் அழுதுகொண்டு நின்றபோது நீர் தூணருகே இறகுகளை நீவிக்கொண்டிருந்தீர். அந்தத் தீர்ப்பை எழுதியது என் கை.

தீர்ப்பைப் பறையறைந்து சொன்னதைச் சந்தையில் கேட்டவள், நேற்று நண்பகலில் தலைவாயில் வழியாகவே நடந்து வந்தாள். உடும்புமுகத்தைக் கழற்றி மன்னர் முன் வைத்தாள். சிறையைத் திறந்தவர் நீரே என்றும், தனக்குக் கஞ்சி ஊற்றிய மனிதரின் பிள்ளைகள் தன்பொருட்டு ஊரைவிட்டுப் போவதைப் பொறுக்க இயலாதென்றும் கூறினாள். உம்மை விரும்பினாளா என மன்னர் வினவினார். விரும்பியதாகவும், உம்மோடு ஓடிப்போக எண்ணியிருந்ததாகவும், நீர் அவையில் வாய்மூடி நின்ற செய்தி கேட்டதும் அந்த எண்ணம் செத்துப்போனதாகவும் மறைக்காமல் சொன்னாள்.

ஆகவே பூதங்கண்ணன் தம் பணிக்கு மீண்டார். கவர்ந்தவற்றை எல்லாம் திருப்பித் தந்தமையாலும், மதிலின் ஓட்டைகளை நம்மினும் நன்கறிந்தமையாலும், கோட்டைக் காவல் இன்றுமுதல் அவளுடையது. நீர் கருடமுகத்தையும் திறவுகோலையும் இவ்வோலை கொண்டு வந்தவரிடம் ஒப்படைத்து, வெறும் முகத்தோடு தெருவழியே நடந்து போய், பூதங்கண்ணன் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கக் கடவீர். கூரைமேல் செல்லலாகாது.

வெண்கோட்டு மதில் நிற்குமளவும் இவ்வாணை நிற்க. மன்னர் முத்திரை இடப்பட்டது.

முத்திரைக்குக் கீழே என் சொந்த வரி ஒன்று: ஓலை நீட்டியவரிடம், உடும்புமுகத்தாள் எப்படி இருக்கிறாள் என்று நீர் இந்நேரம் விசாரித்திருப்பீர். ஏழு ஏடு எழுதியவரே, நிமிர்ந்து, ஓலை நீட்டியவரின் முகத்தில் அந்தக் கண்களைப் பாரும்.