ஒரு கால் குறைந்த கடிதம்

தாராவி, மும்பை
டிசம்பர் 14, திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு

ஆண்டவருக்குள் அன்பு மகள் அமலிக்கு, அம்மா சவேரியம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை ஜெனோவா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் மாதா புண்ணியத்தில் இருக்கிறோம், நீயும் கன்னியர் மடத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி உனக்கென்றே சொல்கிறேன். திண்டுக்கல் பக்கம் பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன், விடியற்காலைப் பூசைக்குப் போகும்போது காதை மூடிக்கொள், அதற்கு மதர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நவம்பர் கடைசியில் உனக்கு ஒரு கடிதம் போட்டோம். பதில் வரவில்லை. போன ஞாயிறு வரைக்கும் பார்த்துவிட்டு மனசு கேட்காமல் மடத்துக்குப் போன் போட்டேன், மதர்தான் எடுத்தார்கள், "கடுதாசி வந்து எங்கிட்டதாம்மா இருக்கு, திருவருகைக் காலத்துல நவதுறவிப் பிள்ளைகளுக்குக் கடுதாசி குடுக்கிறதில்ல, கிறிஸ்து பிறப்பு விழா அன்னைக்கு மொத்தமாத் தருவோம், பொறுத்துக்கிடுங்க" என்றார்கள். சரி மதர் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அழுகை வந்தது, அதையும் எழுது என்று ஜெனோவாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதமும் அப்படித்தான் உறை பிரிக்காமல் கிடக்கும். தெரிந்துதான் எழுதச் சொல்கிறேன், அப்பா செத்த பிறகு சாயங்காலம் ஆனால் உன்னிடம்தானே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த வாய் இன்னும் அடங்கவில்லை.

முன் கடிதத்தில் சொன்னதுதான், கர்ப்பப்பையில் இருக்கிற கட்டியை ஜனவரி ஐந்தாம் தேதி எடுக்கிறார்கள். பயப்படுகிற கட்டி இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் பாரம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். மாட்டுங்காவில் ஷ்யாமளா மாமி வீட்டு வேலைக்கு எனக்குப் பதில் ஜெனோவா போகிறாள்.

பிறப்பு விழாவுக்குக் காத்திருக்கிற இந்த நாலு வாரத்துக்கும் தட்டில் நாலு மெழுகுவர்த்தி வைத்து வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்றுகிறோம். ஊதா மூன்று கிடைத்தது, இன்றைக்கு ஏற்ற வேண்டிய ரோஸ் நிறம் மட்டும் எங்கேயும் இல்லை, பிறந்தநாள் கேக்கில் குத்துகிற குச்சி மெழுகுவர்த்தி ஒன்றை வாங்கி வைத்தோம், அது ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் உருகிப்போனது. பக்கத்து வீட்டு சாதியா பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஏக் ஏக் கர்கே க்யோம், சப் ஏக் சாத் ஜலாதோ நா" என்றாள். ஒவ்வொன்றாக எதற்கு, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொளுத்தினால் என்னவாம். நீ மட்டும் நோன்பை மத்தியானமே திறந்துவிடுவாயா என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன், சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். இன்றைக்குப் பூசையில் திருமுழுக்கு யோவானைப் பற்றி வாசித்தார்கள். அவரும் சிறையில் இருந்துகொண்டு ஆள் விட்டுத்தான் வரப்போகிறவர் நீர்தானா என்று இயேசுவிடம் கேட்டார். பதில் வந்தது, சிறைக் கதவு திறக்கவில்லை. சாமியார் பிரசங்கத்தில் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார், நான் அங்கேயே நின்றுவிட்டேன். கதவு திறக்காவிட்டாலும் பதில் வந்தால் போதும் என்று இருந்த மனுசன்.

அக்கா, இதற்கு மேல் எழுதுவது நான். அம்மா அக்கம்பக்கத்தார் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். நான் போகவில்லை, போனால் பைபிளைக் கையில் கொடுத்து வாசி என்பார்கள், நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறதை எல்லாரும் கேட்பார்கள். எனக்கு உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முன் கடிதத்தில் அம்மா சொன்னது, "ஆபரேசனுக்கு நீ வர வேண்டாம்" என்றுதான். நான் எழுதியது "வர வேண்டும்". முதலில் கை தவறிப்போனது, நீ சொல்லிக்கொடுத்த தமிழ்தானே, எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் எழுதி முடித்ததும் பார்த்துவிட்டேன். பேனா கையில்தான் இருந்தது, திருத்தவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது "வேண்டாம்" என்றே வாசித்தேன். நடுவில் வந்து இங்கே மாதக்கணக்கில் தங்கினால் கன்னியாஸ்திரி ஆவதற்கு நீ இருக்கிற நவதுறவு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உறையை ஒட்டினேன். மாமி வீட்டில் காலையில் "வந்துட்டேன்", கிளம்பும்போது "வரேன்", ஒரு நாளில் நான் பேசுவது அவ்வளவுதான். நீ இருந்தால் பாயில் படுத்துக்கொண்டு எதையாவது சொல்லிக்கொண்டிருப்போம். உனக்கு அங்கே பேச ஆள் இருக்கிறதா? கடிதத்தைத் தர மாட்டோம் என்று மதர் சொன்னதும் அம்மா அழுதாள், எனக்கு மட்டும் உயிர் வந்தது. நீ இன்னும் வாசிக்கவில்லை. நாங்கள் பொறுக்க முடியாமல் கிடந்த நாளெல்லாம் அந்தப் பொய்யும் பிரியாமல் கிடந்திருக்கிறது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் சொல்வதற்கு முன் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அம்மா வந்துவிட்டாள். இது வரைக்கும் எழுதியதை ஒன்று விடாமல் வாசித்தேன். அம்மா, "எந்த எழுத்துட்டி, காட்டு" என்றாள். இரண்டு சொல்லையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினேன். "இந்தக் குச்சியா?" என்றாள். ஆமா, அதற்குக் கால் என்று பேர், அதைப் போடாமல் அடியில் சுழித்துவிட்டால் வேண்டும் என்று ஆகிவிடும் என்றேன். "அடி பாவி, ஒரு கால ஒடிச்சிப்போட்டு அவள இம்புட்டுத் தூரம் நடக்க வைக்கப் பாத்தியாக்கும்" என்று சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "அவ்வளவு தனியாவா இருக்கே?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அம்மா என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, "எனக்கும் அவ வரணும்னுதான் இருக்கு. ஆசை வேற, கேக்கிறது வேற. ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கப்படாது" என்றாள். மதருக்குப் போன் போட்டு அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடச் சொல்லட்டுமா என்றேன். "வேண்டாம், கடுதாசில வந்தத கடுதாசிலயே சரி பண்ணு" என்றாள். நாளையிலிருந்து சாயங்காலம் என்னிடமே எல்லாவற்றையும் சொல்லப்போகிறாளாம், நான் பதில் பேச வேண்டுமாம்.

இனி அம்மா சொல்வது. மகளே, பிறப்பு விழா அன்று இரண்டு உறை கையில் வரும். பின்பக்கம் சிலுவை போட்டது இது, இதை முதலில் பிரி. மற்றதையும் வாசி, ஆனால் தங்கையைக் கோபிக்காதே. மீன் கிடைக்காத இடம், பருப்பையாவது ஒழுங்காகச் சாப்பிடு. குழந்தை இயேசு உன் பக்கத்திலேயே இருக்கட்டும், தேவதாய் உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். கீழே உள்ள வரியில் ஓரிடம் விட்டுத்தான் ஜெனோவா எழுதினாள், அந்தக் காலை நானே பேனா பிடித்துப் போட்டேன். கோணலாக, பக்கத்து எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், அடித்தல் என்று நினைத்துவிடாதே.

நீ வர வேண்டாம்.

உன் அம்மா சவேரியம்மாள்,
எழுதியவள் ஜெனோவா