அம்மா பந்தை மாற்றிவிட்டாள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் கேடில்லை. அம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், அவளுக்குத் தெரியாமல்.

நீ அனுப்பிய கோல்ஃப் பந்துப் பெட்டி வந்து சேர்ந்தது. எப்போதும் அடிக்கும் அதே கெட்டிப் பந்து, பிள்ளை மறக்கவில்லை பாருங்கள் என்று எல்லோரிடமும் காட்டினாள். ஆனால் அது வேகமாக வீசுகிற கைக்கு உரிய பந்தாம். ஓங்கி அடித்தால்தான் அமுங்கித் தெறித்துப் போகுமாம், மெதுவாக அடித்தால் கல்லைத் தட்டியது மாதிரி கைதான் அதிரும். மார்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை, உனக்கே தெரியும். மைதானத்துக் கடைக்காரர் அப்போதே சொன்னார், சாஃப்ட் பந்து வாங்கிக்குங்கம்மா, மெதுவா வீசினாலும் நேரா போகும், விலையும் கம்மி என்று. உன் அம்மாவா கேட்பாள்? அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதிதாக ஆட வருகிறவர்களிடம், உங்க கைக்கு ஏத்த பந்தை வாங்குங்க, கௌரவத்துக்கு வாங்காதீங்க என்று வாய் ஓயாமல் சொன்னவளும் இவளேதான். நான் ஆயுசெல்லாம் செருப்புக்கடையில் இருந்தவன், தன் அளவை ஒத்துக்கொள்ளாமல் சின்னச் செருப்பில் காலைத் திணிக்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று, அதனால் வாயைத் திறக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். முன்பெல்லாம் அவள் அடித்த பந்தைத் தேடிப் புதருக்குள் நுழைந்து கையைக் கீறிக்கொண்டு திட்டுவேன். இப்போது தேடவே வேண்டாம், கண்ணெதிரே கிடக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கடைக்குள் போனவள் அவளாகவே சாஃப்ட் பந்து ஒரு பெட்டி கேட்டாள். இப்பதான் சரியான பந்தைப் பிடிச்சிருக்கீங்க என்று கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சரியாகப் படவில்லை. மல்லுக்கு நிற்காமல் உன் அம்மா எதையாவது விட்டுக்கொடுத்து நீ பார்த்திருக்கிறாயா? வெளியே பெஞ்சில் உட்காரவைத்து என்ன விஷயம் என்று கேட்டேன். முந்தின நாள் என்னை விட்டுவிட்டுத் தனியாக டாக்டரிடம் போயிருக்கிறாள். நோய் எலும்புக்கும் போய்விட்டதாம், இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியமாம். இருக்கிற வரைக்கும் பந்து கொஞ்சம் தள்ளிப் போய் விழட்டுமே, இனிமே யார்கிட்ட ஜம்பம் என்றாள். நான் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். புதுப் பந்து நன்றாகத்தான் போகிறது, நேற்று ஒரு அடிக்குக் குழந்தை மாதிரி சிரித்தாள். எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

பிள்ளை பதறிப்போகும், வேலை கெடும், அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை மீறித்தான் எழுதுகிறேன், ஏச்சு விழுந்தால் விழட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் தனியாக வண்டி ஓட்டாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. ஒன்று மறந்துவிடாதே. நான் அனுப்பின பெட்டி தீர்ந்ததும் சொல்லுங்கப்பா, அடுத்ததை நானே எடுத்துக்கிட்டு வர்றேன் என்று போனில் சொன்னாய். அது தீராது கண்ணு. நீ புறப்பட்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா