சில்லுக்கு மேலே ஒரு பள்ளம்

நவம்பர் 11, திங்கள்
"மாஸ்டர், விழுந்தனீங்களோ?" என்று போன கிழமை டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான். விழவில்லை.
காலையிலிருந்து மழை. கோடையில் உலோகம் வைத்து மாற்றிய வலது முழங்கால் இன்னும் வீக்கம். காலை நீட்டித் தூக்கினால் பாதியில் விழுகிறது. முழங்கால் சில்லுக்கு மேலே விரல் வைத்தால் சின்னப் பள்ளம். தொடைத் தசையைச் சில்லோடு கட்டும் நாண் முழுதாக அறுந்திருந்தால் திரும்ப வெட்ட வேண்டுமாம். அதற்கு இனித் தெம்பில்லை.
பால் முடிந்தது. ரிமோட்டுக்குப் பற்றரி வாங்க வேண்டும்.

நவம்பர் 13, புதன்
அஜின்கோர்ட் கிளினிக்கில் அல்ட்ராசவுண்ட். மகள் வாணி லீவு போட்டுக் கூட்டிப்போனாள். ஸ்கான் எடுத்தது தமிழ்ப் பிள்ளை. ஜெல் சரியான குளிர்.
"அங்கிள், மெல்ல நீட்டுங்கோ. ஓகே, ஹோல்ட்."
உள்ளே உலோகம் இருக்க எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
"உலோகத்துக்குப் பின்னால தெரியாது. எனக்கு வேண்டியது அதுக்கு முன்னால இருக்கிற சதை."
மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்பவரைப் பார்க்க மதில் தடையா? படிப்பித்த காலத்தில் வகுப்பில் சொல்லியிருக்கலாம்.
அந்தப் பிள்ளை திரையையே பார்த்திருந்தாள். விடைத்தாள் திருத்துகிற முகம். ஒன்றும் பிடிபடவில்லை.
"எப்ப துடங்கினது, அங்கிள்?"
"மனுசியின்ரை திவசத்தண்டு. நிலத்தில சம்மணம் போட்டிருந்தனான். எழும்பேக்க டக்கெண்டது."
மூலையில் வாணி ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

காரில்:
"ஐயர் கதிரை தந்தவர்தானே, அப்பா?"
"ஓம், தந்தவர்."
"கதிரையில இருந்து செய்தா அம்மா சாப்பிடாமப் போயிருப்பாவோ?"
இரண்டு சிக்னல் தாண்டி, "அவ இருந்திருந்தா உங்களைப் பிடிச்சுக் கதிரையில இருத்தியிருப்பா, அப்பா" என்றாள். இருத்தியிருப்பாள்தான். ஆனால் அவளுக்கான எள்ளும் தண்ணீரும். கதிரையில் இருந்துகொண்டு இறைக்க மனம் வரவில்லை.
இரவு புட்டு. பாதியில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி
டொக்டர் ஃபோன் எடுத்தார். நாண் முழுதாக அறவில்லை. ஒரு பக்கம் கிழிந்து இரத்தம் தேங்கியிருக்கிறதாம். வெட்டுத் தேவையில்லை. கால் மடங்காமல் இருக்கப் பட்டி கட்ட வேண்டும், பிறகு திரும்ப ஸ்கான்.
"நிலத்தில இருந்து எழும்பினதெண்டு ஸ்கான் ரிப்போர்ட்டில கிடக்கு. ஏன் மாஸ்டர் எனக்குச் சொல்லேல்லை?"
"நீங்கள் விழுந்தனீங்களோ எண்டுதானே கேட்டனீங்கள்."
அவர் சிரிக்கவில்லை.
வாணி குசினியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்காதென்று நினைப்பு. கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொல்ல நினைத்தேன். களைப்பு. கூப்பிடவில்லை.
வாணி, இதை எப்போதாவது வாசித்தால்: எனக்குத் திவசம் வரும்போது சோபாவில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு செய். நான் சாப்பிடாமல் போகமாட்டேன்.