ஒரே கட்டையில் முளைத்தவை

வெர்லின்,

நேற்று ஆலையில் பலகை தூக்கிய இடுப்பு இன்னும் நிமிரவில்லை. உன்னை எழுப்பிச் சண்டை போடத் தெம்பில்லை.

"ஒரே கட்டைல மொளைச்சது, எல்லாம் தேன்காளான்தான், திங்கலாம். ஒனக்கென்னடி தெரியும்?" என்று உன் தம்பி முன்னால் நக்கலடித்தாயே! மேதை நீ பறித்து வந்ததில் சோதித்தது ஒன்றே ஒன்றுதான். மீதிக் காளான்களின் குடைகளைத் தூள் உதிரட்டும் என்று ராத்திரி கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்தேன். தேன்காளானெல்லாம் வெள்ளைத் தூள் உதிர்த்திருக்கிறது. மூன்று மட்டும் துருநிறத் தூள். அது ஈரலைத் தின்கிற விஷக்காளான் வகை. உங்கள் இருவரையும் புதைக்க எனக்கு லீவு கிடையாது. மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிட்டேன், கிளறாதே.

மதியம் தம்பி வந்தால் முட்டை பொரித்துக் கொடு.

லொரெட்டா

தட்டை நீயே கழுவு. அதற்கு முன் அவனுக்கும் காட்டு.

அவன் முன்னால் கேலி செய்தாய். அவன் முன்னாலேயே நீ என்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி.